பொத்தானுக்குப் பசிக்கவில்லை

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வாட்ச்மேன் முதல் கம்பெனி சூப்பர்வைசர் வரை எல்லோருக்கும் அவர் 'கயிறு'. லிஃப்டில் ஏறுகிறவர்கள் மேலே அண்ணாந்து பார்த்து, "இது அறுந்துராதுல்ல?" என்று கேட்கும்போதெல்லாம் "கயிறு நல்லா இருக்கு" என்ற ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வந்த பெயர். வீட்டில் வேறு பெயர் உண்டு. மனைவிக்கு அது எப்போதாவதுதான் தேவைப்படும். "ஏங்க" போதும்.

இருட்டான லிஃப்ட் குழிக்குள், கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு, கீழே பார்த்தால் தலை சுற்றும் உயரத்தில் காலை நீட்டி டீ குடிக்கிற ஆள். பயம் என்பது மற்றவர்கள் லிஃப்டுக்குள் கொண்டுவருகிற சாமான் என்று நினைத்திருந்தார். அவருடைய வேலைமுறை எளிது. மெஷின் ரூமுக்குள் போவார், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், கேட்பார். முனகினால் திறப்பார். முனகாவிட்டால் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவார். சத்தம் போடுகிற மெஷினுக்குத்தான் மெக்கானிக் வேண்டும் என்பது அவர் கட்சி. இதை அவர் மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. மனைவி பேசாமல் இருந்தால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று நம்பிய ஒரே கணவரும் உலகத்தில் அவராகத்தான் இருப்பார்.

மனைவிக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட் வேலை. நாள் முழுக்க போனில் முகம் தெரியாதவர்களிடம் "வலிக்காதுங்க, சும்மா எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்வது அந்த வேலையில் பெரும்பகுதி. அந்த கிளினிக்குக்கு வந்த ஒரு அம்மா, ரூட் கெனால் முடிந்த மகிழ்ச்சியிலோ மயக்கத்திலோ, தன் வீட்டில் பிறந்த கினிப்பன்றிக் குட்டி ஒன்றை இவருக்குக் கொடுத்துவிட்டார். பேரில் பன்றி, ஆளைப் பார்த்தால் வால் வெட்டிய எலி. கறுப்பு, வட்டம், உள்ளங்கைக்குள் அடங்கும். கயிறு அதைக் கையில் வாங்கியதும் "லிஃப்ட் பொத்தான் மாதிரியே இருக்கு" என்றார். அதுவே பெயராகிவிட்டது.

பொத்தான் வந்த புதிதில் வீடு வீடாக இல்லை. பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், சமையலறை மூலையிலிருந்து துருப்பிடித்த சக்கரம் சுழல்வதுபோல ஒரு கீச்சு கிளம்பும். பை நிற்கும் வரை அதுவும் நிற்காது. கயிறுக்கு அது தாங்கவில்லை. "இதுக்கு எங்கயாச்சும் ஆயில் விட முடியுமா?" என்று கேட்டார். மனைவி பதில் சொல்லவில்லை. வழக்கம்போல எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் கீச்சு குறைந்தது. அப்புறம் நின்றே போனது. பொத்தான் தன் மூலையில் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஓடவில்லை, துள்ளவில்லை, யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

"ஏங்க, இது ஏன் இப்படி உம்முனு இருக்கு?"

"செட்டாயிடுச்சு. புது மெஷின் அப்படித்தான். கொஞ்ச நாள் கத்தும், அப்புறம் படிஞ்சிடும்."

"இது மெஷின் இல்லங்க."

"எல்லாம் மெஷின்தான். சத்தம் இல்லன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

தான் கொஞ்சம் பெருமையாகவே இதைச் சொன்னதை அவர் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

தெரியவந்தது விடுமுறை நாளில். பொத்தானின் கூண்டைக் கழுவுவதற்காக அதைத் தூக்கினார். எடை விஷயத்தில் அந்தக் கை பொய் சொல்லாது. லிஃப்ட் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடையில் ஒரு கட்டை குறைந்தாலும் கயிற்றைத் தொட்டே கண்டுபிடிக்கிற கை அது. அந்தக் கையில் இப்போது முடி மட்டும் இருந்தது. முடிக்குள்ளே சின்னச் சின்னதாக எலும்பு. தட்டில் போட்டிருந்த தீவனம் போட்டபடியே இருந்தது. பின்னங்காலைத் தொட்டதும் உடம்பு முழுவதும் ஒருமுறை விறைத்தது. அப்போதும் அது கத்தவில்லை.

கயிறின் வயிற்றுக்குள் ஏதோ சர்ரென்று கீழே இறங்கியது. எந்த மாடியிலும் நிற்கவில்லை.

"இந்தா, செருப்பு போடு" என்றார் மனைவியிடம்.

மிருக வைத்தியசாலையின் காத்திருக்கும் அறையில் நாய்கள் நிறைந்திருந்தன. செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் துண்டு விரித்து, அதில் பொத்தானை வைத்து, பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய். அது பெட்டியையே பார்த்தது. நாக்கை ஒருமுறை சுழற்றியது.

"பயப்படாதீங்கண்ணே, ஒண்ணும் பண்ணாது" என்றார் நாய்க்காரர். "பெட்டில என்ன, ஷூவா?"

"கினிபிக்."

"எலியா?"

"எலி இல்லங்க."

"எலிக்கெல்லாம் வைத்தியம் பாக்கறாங்களா இங்க? எங்க வீட்ல நாங்க வேற வைத்தியம் பாப்போம்."

மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நாய்க்காரர் நாயை இழுத்துக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். நாய்க்கே அது சரியென்று பட்டிருக்க வேண்டும்.

டாக்டரம்மா இளவயது. கையில் பூனை கீறிய தடங்கள். பொத்தானை மேசையில் வைத்து வயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார், வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார், காலை மெல்ல மடக்கினார். பேசாமல் பார்த்தார். டாக்டர் பேசாமல் பார்ப்பது எப்படிப்பட்ட மௌனம் என்று கயிறுக்கு அப்போதுதான் விளங்க ஆரம்பித்தது.

"புழுக்கை போடுதா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எப்பலேருந்து கத்தறத நிறுத்திச்சு?"

"அது ஒரு வாரமா நல்ல அமைதிதான் டாக்டர்."

"அமைதின்னா?"

"நல்லா செட்டாயிடுச்சுன்னு..."

டாக்டரம்மா நிமிர்ந்தார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் கயிறுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "சார், இது எல்லாருக்கும் இரையாகிற ஜந்து. உடம்பு முடியலன்னு காட்டினா அடுத்த நிமிஷம் யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க. அதனால எவ்வளவு வலிச்சாலும் மறைச்சுக்கும். இது கத்திட்டிருந்தா நீங்க நிம்மதியா தூங்கலாம். கத்தலன்னாதான் ஓடி வரணும்."

கயிறு தலையை ஆட்டினார். காது மட்டும் சிவந்திருந்தது.

"என்ன தீவனம் குடுத்தீங்க?"

"கடைக்காரன் முயல் தீவனம் குடுத்தான். ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னான்."

"முயல் உடம்பு வைட்டமின் சி-யைத் தானே செஞ்சுக்கும். இதால முடியாது, நம்மள மாதிரி. வளர்ற குட்டி வேற. மூட்டெல்லாம் வலி, அதனால நகரல. நகரல, சாப்பிடல, இப்ப குடலும் நின்னு போச்சு. குடல் நின்னா இதுங்களுக்கு ரொம்ப நேரம் கிடையாது." ஊசிமருந்துப் புட்டி ஒன்றை எடுத்தவர் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். "உண்மைய சொல்லிடறேன். நான் நாய் பூனை டாக்டர். இதுங்கள நிறைய பாத்ததில்ல. தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார், கேட்டுக்கறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் ஒரு முதிய குரல். பின்னணியில் கிளிகள் சண்டை போட்டன. டாக்டரம்மா புட்டியின் பெயரைச் சொன்னதும் கிளிகளைத் தாண்டி ஒரு அதட்டல் வந்தது: "அத கீழ வைம்மா மொதல்ல. அது கினிபிக் குடல்ல இருக்கற நல்ல கிருமியெல்லாம் கொன்னுடும். ரெண்டே நாள்ல ஆள் காலி."

டாக்டரம்மா புட்டியைக் கீழே வைத்தார். வைத்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மனைவி கயிறின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். தெரியாது என்று ஒரு டாக்டர் வாய்விட்டுச் சொன்னதால் ஓர் உயிர் இன்னும் மேசையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வைட்டமின் சொட்டு, வலிக்கு ஒன்று, குடலைக் கிளப்ப ஒன்று. இத்துடன் காய்ந்த புல்லை அரைத்த மாவைக் கரைத்து, சிரிஞ்சில் எடுத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும். முன்பல்லுக்குப் பின்னால், பக்கவாட்டில், கொஞ்சம் கொஞ்சமாக. அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். போனால்? டாக்டரம்மா புதுச் சிரிஞ்சு ஒன்றை அவர்கள் கையில் கொடுத்தார்.

வீட்டில் துண்டில் சுற்றிய பொத்தானை மடியில் வைத்துக்கொண்டு சிரிஞ்சை எடுத்ததும், காலை நீட்டி டீ குடிக்கிற அந்த ஆளின் கை நடுங்கியது. நடுக்கத்தில் சிரிஞ்சின் முனை பொத்தானின் மூக்கு, கண், காது எல்லாவற்றுக்கும் போய்வந்தது, வாயைத் தவிர.

"குடுங்க இப்படி" என்றார் மனைவி. அவர் கைக்கும் சிரிஞ்ச் பழக்கமில்லை. ஆனால் குரல் இருந்ததே, அது வேலைக்குப் போய்விட்டது. "கொஞ்சம் வாயத் திறங்கம்மா. அவ்வளவுதான். வலிக்காது. எறும்பு கடிச்ச மாதிரிதான். இதோ முடிஞ்சிடுச்சு."

முடியவில்லை. பொத்தான் தும்மியது. மூக்கு வழியே பச்சையாகக் கொஞ்சம் வந்தது.

போனில் டாக்டரம்மா கிடைக்கும் வரை இருவரும் மூச்சு விட்டார்களா என்பதற்குச் சாட்சி இல்லை.

"விலாவுல காது வச்சு கேளுங்க சார். கரகரன்னு ஏதாவது கேக்குதா?"

கண்ணை மூடிக்கொண்டு காதை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"ரன்னிங் ஸ்மூத்தா இருக்கு டாக்டர். ஸ்பீடு அதிகம். பேரிங் உரசல் இல்ல."

"அப்ப நுரையீரல் சரி. கீழ, வயித்துல கேளுங்க. கடமுடன்னு கேக்கணும்."

கீழே வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. காதை மாற்றி வைத்தார். அந்தச் சின்ன வயிற்றுக்குள் நல்ல எண்ணெய் விட்ட மெஷின் ரூமின் அமைதி. ஆயுள் முழுக்க அவர் விரும்பிய அமைதி.

"கேக்கல டாக்டர்" என்றார்.

"ஊட்டறத நிறுத்தாதீங்க. இன்னும் மெதுவா. வயித்த லேசா தடவி விடுங்க. சாயங்காலம் திரும்ப கூப்பிடுங்க."

அதற்குப் பிறகு அவர் வேலை பார்த்த விதத்தைப் பற்றிக் கம்பெனிக்குப் புகார்கள் போயின. நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டுகளை நிறுத்தினார். மெஷின் ரூமில் கண்ணை மூடி நிற்பார், சத்தம் வராது, வியர்க்கும், உடனே மூடியைக் கழற்றிவிடுவார். ஐந்தாம் மாடிக்குப் படியேறிய ஒரு மாமா மூச்சிரைக்கக் கேட்டார்: "என்னப்பா கயிறு, என்ன ரிப்பேர்?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அப்புறம் ஏம்பா நிறுத்தின?"

"ஒண்ணும் இல்லாம இருக்கே, அதான்."

மாமா அதற்குமேல் கேட்கவில்லை. மிச்சப் படிகளை ஏறிக்கொண்டே பின்னால் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் மனைவி பல் கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டுச் சமையல் தராசில் கிண்ணம் வைத்துக் கினிப்பன்றியை எடை போட்டுக்கொண்டிருந்தார். எடை குறைந்தது. பிறகு குறையாமல் நின்றது. வயிறு மெல்லக் கடமுட என்றது. ஒரு காலையில் துண்டின் மேல் அரிசி அளவுக்கு ஒரு புழுக்கை கிடந்தது. மனைவி அதைக் கையில் எடுத்துக்கொண்டு கணவரை எழுப்பினார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொன் வாங்கப் போன இடத்திலும் அப்படிப் பார்த்ததில்லை என்று மனைவி சொன்னது உண்மையாக இருக்கலாம்.

மறுபடி காட்டப் போனபோது டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, கிளி வளர்க்கிற அந்தப் பெரியவரோடு போனில் பேசிவிட்டு, ஒரு குண்டைப் போட்டார்.

"இன்னிக்கு மதியத்துலேருந்து நீங்க ஊட்டாதீங்க. தானா சாப்பிடுதான்னு பாக்கணும்."

"சாப்பிடலன்னா?" என்றார் மனைவி.

"ஊட்டிட்டே இருந்தா அதுக்குப் பசிக்காது. குடல் உண்மையிலேயே ஓடுதா, நாம தள்றதால ஓடுதான்னு தெரியாது. குடமிளகாய் ஒரு துண்டு வைங்க. சாயங்காலம் வரைக்கும் தொடலன்னா உடனே தூக்கிட்டு வாங்க."

"அப்ப வந்தா சரியாயிடுமா டாக்டர்?"

"தெரியலம்மா. வாங்க."

சிரிஞ்சோடு இருந்த பயம் பரவாயில்லை. கைக்கு ஒரு வேலை இருந்தது. இப்போது கையைக் கட்டிக்கொண்டு பயப்பட வேண்டும்.

குடமிளகாயை விரல் நீளத்துக்கு நறுக்கி, சமையலறைத் தரையில் பொத்தானுக்கு முன்னால் வைத்தார்கள். பொத்தான் பார்க்கவில்லை. இருவரும் குனிந்து முழங்காலில் நின்று அதன் முகத்தையே பார்த்தார்கள். அது இன்னும் சுருங்கியது.

"நாம முறைச்சுப் பாக்கறோம்ங்க. அந்த நாய் பாத்த மாதிரி."

"நான் அன்பாத்தான் பாக்கறேன்."

"அதுக்கு எப்படித் தெரியும்? திரும்பிக்கலாம்."

பேரப்பிள்ளை எடுக்கிற வயதுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர், பட்டப்பகலில், சமையலறைச் சுவரைப் பார்த்தபடி, தண்டனை வாங்கிய பிள்ளைகளாகத் தரையில் உட்கார்ந்தார்கள். சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு பெரிய எவர்சில்வர் மூடி. அதற்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறை. கயிறு எண்ணெய்க் கறையைப் பார்த்தார். அது என்ன வடிவம் என்று யோசித்தார். படுத்திருக்கிற பிராணியின் வடிவமாகத் தெரிந்ததும் யோசிப்பதை நிறுத்திவிட்டார்.

"திரும்பட்டுமா?" என்று உதடு மட்டும் அசையக் கேட்டார்.

மனைவி தலையை ஆட்டினார். வேண்டாம்.

கயிறின் முழங்கால் மரத்துப் போனது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் வைத்தியசாலைக் கதவைத் தட்டுவதுபோலவும், டாக்டரம்மா பேசாமல் பார்ப்பதுபோலவும் அவர் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தன் கையைத் தேடி வந்த கை ஈரமாக இருந்தது. அது யாருடைய வியர்வை என்று பிரிக்க முடியவில்லை.

மனைவி விரலை லேசாக அழுத்தினார். பிறகு கண்ணாலேயே சைகை காட்டினார், மூடியைப் பாருங்கள் என்று.

மூடியின் பளபளப்பில் சமையலறை வளைந்து கிடந்தது. அவர்கள் முதுகுகள் இரண்டு மலையாக, நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கின் கடைசியில் கறுப்பாக ஒரு புள்ளி. அதன் முன்னால் பச்சையாக ஒரு கோடு.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். புள்ளி கொஞ்சம் முன்னால் வந்தது. நின்றது. பச்சைக் கோடு நடுங்கியது. பிறகு ஒரு பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, குட்டையாகிக்கொண்டே வந்தது.

"திரும்பாதீங்க" என்றார் மனைவி, அழுதுகொண்டே. "இன்னும் பாதி இருக்கு."