ஆறு கால் மேசை

ஆறு கால்களின் திருகுகளையும் இறுக்கிவிட்டு, ஃபிட்டர் பாய் உள்ளங்கையை மேசையின் விளிம்பில் வைத்து மெல்லத் தள்ளினார். அசையவே கூடாத மேசை மயிரிழை அளவுக்குத் திரும்பியது. அவர் என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ராஜபாளையத்தில் நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறையில் நான் டிசைன் எஞ்சினியர். பாய் தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். சாய்ந்த துளைகள் போட, இரும்பை எந்தப் பக்கமும் சாய்த்து நிறுத்தும் மேசை வேண்டும் என்றார் முதலாளி. வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்த தெம்பில் ஒப்புக்கொண்டேன். ஒரு பொருள் மூன்று திசைகளில் நகரும், மூன்று விதமாகத் திரும்பும். ஆக ஆறு அசைவுகள். நீளம் மாறும் ஆறு கால்களைக் கொடுத்துப் பூட்டிவிட்டால் ஆறும் நின்றுவிடும். கணக்கு அவ்வளவுதான் என்று நினைத்தேன். கால்களைப் பொருத்தக் கீழ்த் தட்டிலும் மேல் தட்டிலும் சம இடைவெளியில் ஆறாறு துளைகள் வரைந்தேன். பார்க்க அழகாக இருந்தது.

"ரெண்டு ரெண்டு காலா பக்கத்துல சேத்து வச்சா நிக்கும்னு தோணுது சார்" என்றார் பாய், மேசை திரும்பிய அன்று. கூரைக்கு முக்கோணமாக மரம் அடிப்பதைக் கையால் காட்டினார். எட்டாவது படித்தவர் எனக்குச் சொல்வதா என்ற எரிச்சல் எனக்கு. கணக்கில் பிழை இல்லை, காலின் இரு முனையிலும் நீங்கள் செய்த பந்து மூட்டுகளில்தான் ஆட்டம் என்று சொல்லிவிட்டேன். அவர் பன்னிரண்டு மூட்டுகளையும் கழற்றி, நீல மை தடவி, எங்கே தொடுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். இப்படி மூன்று தடவை. கடைசித் தடவை, கை கெட்டுப்போச்சு போல என்று அவர் முனகியது என் காதில் விழுந்தது.

வாங்க வந்தவர்கள் முன்னால் ஓட்டிக் காட்டிய அன்று, டிரில் தொட்டதுமே மேசை திரும்பி, துளைபோடும் பிட் ஒடிந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் பாயைத் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து, கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு நூலகத்தில் இந்த வகை மேசையைப் பற்றி ஒரு கட்டுரை கிடைத்தது. இரண்டு தட்டிலும் துளைகள் சம இடைவெளியில் இருந்தால், ஒரு கால் மற்ற ஐந்தின் வேலையையே திரும்பச் செய்கிறது. ஓர் அசைவைத் தடுக்க ஆளில்லாமல் போகிறது. மூட்டுகளை எவ்வளவு இழைத்தாலும் மேசை திரும்பத்தான் செய்யும். இப்போது அந்த வகை மேசைகளைப் படத்தில் எங்கே பார்த்தாலும் கால்கள் இரண்டிரண்டாகத்தான் சேர்ந்திருக்கின்றன. கட்டுரையைப் படித்த அன்று நான் ஊர் திரும்பிய பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் வந்தது. நான் இறங்கவில்லை. இறங்க எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. வெட்கம் என்று சொல்லிக்கொண்டேன்; கோழைத்தனம்தான்.

பாய் ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருந்தார். பட்டறையை விட்ட வருடமே அரம், சுரண்டி எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம். கண்ணிலும் கோளாறு இருக்குமோ என்று மதுரைக்குப் போய்க் காட்டினாராம். அவர் வீட்டு வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என் கையில கோளாறு இல்லையா சார்?"

இல்லை என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"செத்த நேரம் இருங்க சார்" என்றார். "வீட்டுக்காரிய கூப்பிடுறேன். அவகிட்டயும் இத ஒருக்கா சொல்லிருங்க."

அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். தப்பு என் வரைபடத்தில்தான் அம்மா என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.