காஜா மொய்தீன் பெட்டிக்குப் போட்ட மார்க்

யார் என்ன சொன்னாலும் காஜா மொய்தீனுக்குக் காதில் ஏறாது. ராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் முப்பது வருஷம் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலில் இருந்து இறங்கும் பெட்டிகளில் மார்க், அதாவது போகவேண்டிய ஊரை எழுதிய குறி, சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது வேலை. அந்தக் கையெழுத்தில் ஒருநாளும் தப்பு வந்ததில்லை, அதுதான் வினையே.

2002இல் மஸ்கட்டில் மகள் ஃபராவுக்குக் குழந்தை பிறந்தது. மனைவி சாபிராவின் பாஸ்போர்ட் வந்தபாடில்லை, இவர் மட்டும் கிளம்பினார். சாபிரா இரண்டு நாள் அடுப்படியிலேயே நின்று பிரசவ லேகியம் கிண்டி, எவர்சில்வர் தூக்கில் அடைத்துக் கொடுத்தாள்.

"இன்னாங்க, நாப்பது நாளைக்குள்ள அவ இத்தெ துன்னே ஆவணும். இப்பவே முப்பது ஆயிடுச்சு. பெத்தவ நான் பக்கத்துல இல்ல, இதுவாவது போய்ச் சேரட்டும்."

மண்ணடியில் விமான டிக்கெட் போட்டுத் தந்த யாசின் படித்துப் படித்துச் சொன்னான்: "பாய், ரெண்டு கம்பெனி, ரெண்டு டிக்கெட்டு. பம்பாய்ல பெட்டிய நீங்களே எடுத்துகினு போய் அடுத்த கம்பெனில போடணும்."

"எனக்கே பாடமா நைனா? கப்பலுக்குக் கப்பல் மாறுற சரக்கு எவ்ளோ பார்த்துகீறேன்! மார்க் கரீக்டா இருந்தா அது தானா போவும்."

அன்றே நீலப் பெட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதினார்: மஸ்கட், வழி பம்பாய்.

பம்பாயில் இறங்கி, ஜம்மென்று கைவீசிக்கொண்டு ஆட்டோவில் வெளிநாட்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டார். கவுண்ட்டர் பெண் பெட்டி எங்கே என்று கேட்டாள். பின்னால் வருகிறது என்றார் தனக்குத் தெரிந்த இந்தியில். அவள் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். அதை யாரும் கொண்டுவர மாட்டார்கள், இறங்கிய இடத்திலேயே கிடக்கும், ஒரு மணி நேரத்தில் கவுண்ட்டரை மூடிவிடுவோம் என்றாள்.

திரும்ப ஓடினார். வாசலில் காவலர் விடவில்லை. பெட்டிச் சீட்டைக் காட்டிக் கெஞ்சி உள்ளே போனார். ஒரு மூலையில் பெட்டி அநாதையாக உட்கார்ந்திருந்தது. எழுத்தில் ஒரு குறையும் இல்லை. அதைப் படித்து ஏற்றிவிடத்தான் அங்கே ஆளில்லை.

பாழாய்ப்போன நெரிசலில் மாட்டி அவர் மறுபடி கவுண்ட்டருக்கு வந்து சேர்ந்தபோது பெட்டி வாங்குவது நின்றுவிட்டது. கையில் இருப்பதோடு ஏறுவதானால் ஏறுங்கள் என்றார்கள். அங்கேயே தரையில் பெட்டியைத் திறந்தார். புதுச் சட்டைகள், வடாம், மருமகனுக்கு வாங்கிய லுங்கிகள். தூக்கை மட்டும் எடுத்து ஒரு லுங்கியில் மூட்டை கட்டினார். மிச்சத்தைப் பக்கத்தில் நின்ற சுமைக்காரனிடம் கொடுத்துவிட்டு ஓடினார்.

"பெட்டி எங்க அத்தா?" என்றாள் மஸ்கட்டில் ஃபரா, தோளில் குழந்தையோடு.

அவரால் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூட்டையை அவிழ்த்தார். ஃபரா ஒரு விரலால் வழித்து வாயில் போட்டாள். அம்மாவின் கைப்பக்குவம் நாக்கில் பட்டதும் நின்றபடியே அழுதுவிட்டாள்.

ராயபுரத்துக்குப் போன் போட்டார்கள். "லேகியம் துன்னாளா?" என்பதுதான் சாபிராவின் முதல் கேள்வி.

"துன்னுட்டா," என்றார் காஜா மொய்தீன். பிறகு சொன்னார்: "யாசினைப் பார்த்தா சொல்லு, அவன் சொன்னதுதான் கரீக்டுன்னு."

முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து சாபிரா அப்படியொரு பேச்சைக் கேட்டதே இல்லை. "உடம்புக்கு இன்னா பண்ணுது உங்களுக்கு?" என்று பதறிப்போய்க் கேட்டாள்.