நீரோட்டம் பார்த்த இரண்டு லேப்டாப்கள்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் ராஜபாளையத்திலிருந்து மலையடிவாரம் வரைக்கும், கையில் லேப்டாப்போடு வயக்காட்டில் அலைந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். மில் ஆபீஸ்களில்கூட அப்போது மேஜைக் கம்ப்யூட்டர்தான். என்னிடம் இருந்தது 386 சிப் போட்ட, கறுப்பு வெள்ளைத் திரை வைத்த பெட்டி. ஒரு நாள் முழுக்கத் தூக்கினால் ஒரு பக்கத் தோள் இறங்கிவிடும். நிலவியல் படித்துவிட்டு நீரோட்டம் பார்ப்பதைத் தொழிலாக வைத்திருந்தேன். போர் எங்கே போட்டால் தண்ணீர் கிடைக்கும் என்று இடம் குறித்துக் கொடுக்க வேண்டும்.

தரையில் நாலு இரும்புக் கம்பிகளை அடித்து, ஒயர் இழுத்து, மீட்டர் வழியாக மின்சாரம் விட்டு, பூமி அதை எவ்வளவு தடுக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். அந்த எண்களை லேப்டாப்பில் கொடுத்தால், எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் ஈரம் என்று அது கணக்குப் போடும். ஒரே தடவையில் சொல்லிவிடாது. முதலில் ஓர் ஊகம் செய்யும். அந்த ஊகம் நான் அளந்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துப்போகாததைத் திருத்திவிட்டு மறுபடி ஊகிக்கும். இப்படி ஒவ்வொன்றும் ஒரு சுற்று. என் 386-க்கு ஒரு சுற்று முடிய ஒரு நிமிடம் ஆகும். பத்தாவது சுற்றுக்குள் எனக்குப் பொறுமை போய்விடும். கோடு ஏறக்குறையப் பொருந்தியதும் பட்டனைத் தட்டி நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் அடையாளக் கல்லை வைத்துவிட்டு, அடுத்த ஊருக்கு ஸ்கூட்டரைக் கிளப்பிவிடுவேன். பாதிக்கு மேல் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது, அதனால் யாரும் கேட்கவில்லை.

எனக்குப் போட்டி, உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்கள். படுத்திருக்கும் தேங்காய் எந்த இடத்தில் எழுந்து நிற்கிறதோ அங்கே தண்ணீர். சிப்பும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், வேலை முடிந்தால் சட்னி அரைத்துக்கொள்ளலாம். நான் அவர்களைக் கிண்டல் செய்வேன், அவர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

மதுரையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த என் கல்லூரி நண்பன் ஒரு நாள் போன் செய்து, பென்டியம் சிப் போட்ட லேப்டாப் ஒன்று வந்திருக்கிறது, ஒரு வாரம் வைத்துப் பார், பிடித்தால் உன் பழசைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள் என்றான். அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன்.

வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதினேன். வேகத்தில் ஒப்பிடவே முடியாது. 386 ஒரு சுற்று முடிப்பதற்குள் பென்டியம் நூறு சுற்றை முடித்துவிட்டு, 'இதற்கு மேல் திருத்த ஒன்றுமில்லை' என்று தானாகவே நின்றுவிடுகிறது. ஆனால் பேட்டரி ஒன்றேகால் மணி நேரம்தான். அந்த வேகத்துக்கு அது சாப்பிடுகிறது. 386-க்கோ போன மாதம்தான் புது பேட்டரி போட்டிருந்தேன், இரண்டே முக்கால் மணி நேரம் அசராமல் நிற்கும். கரண்டே இல்லாத காட்டில் வேலை பார்க்கிறவனுக்கு எது வேண்டும்? கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன், விடை வரவில்லை.

"இதுக்கு எதுக்கு இம்புட்டு யோசனை?" என்றாள் மனைவி, தட்டை வைத்துக்கொண்டே. "கொழம்பு கொதிக்கதுக்கு முன்னாடியே எறக்கச் சொல்லுத ஆளுக்கு வேகமானதுதான் லாயக்கு."

"பேட்டரி நிக்காதே."

"நீங்க எங்க ஒரு எடத்துல நிக்கீக, அது நிக்கதுக்கு?"

சரி, வேலையில் வைத்துப் பார்த்துவிடுவோம் என்று மறுநாள் காலை இரண்டு லேப்டாப்களையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கூமாப்பட்டிக்குப் போனேன்.

அங்கே எனக்காகக் காத்திருந்தவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஊரில் எல்லாருக்கும் அவர் பட்டாளத்தார். பணிக்கொடையில் மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் வாங்கி, முந்நூறு தென்னங்கன்று வைத்திருந்தார். போன வருடம் அவருக்கு நான் குறித்துக் கொடுத்த இடத்தில், கிழக்கு வேலியோரம், முந்நூறு அடி வரைக்கும் வெறும் புழுதிதான் பறந்தது. அன்றிலிருந்து அவரும் அவர் மனைவியும் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் மொண்டு, குடம் குடமாகச் சுமந்து கன்றுகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிணறும் வற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு போர் போடத்தான் கையில் பணம் இருந்தது. அதுவும் தப்பினால் கன்றுகள் போய்விடும், அவரும் எங்காவது மில் வாசலில் காவலுக்கு நிற்க வேண்டியதுதான்.

தவறவிட்ட என்னையே மறுபடியும் ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, "ஒரு குண்டு தப்பிருச்சுன்னு சுடுதவன மாத்த முடியுமா சார்? அடுத்த குண்டு சரியாப் போவும்" என்றார். போர் வண்டிக்கு மறுநாள் காலை வரச் சொல்லியிருந்தார்.

காலை பத்து மணிக்குள் இரண்டு இடங்களில் அளந்து முடித்தேன். ஒன்று தோட்டத்தின் நடுவில், இன்னொன்று மேற்கே ஓடைக்கரையில். வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு, பென்டியத்தைத் திறந்து எண்களைக் கொடுத்தேன். பட்டாளத்தாரும் அவர் மனைவியும், ஒயர் இழுக்க வந்த இரண்டு பேரும், வேடிக்கை பார்க்க வந்த பத்துப் பேரும் சுற்றி நின்றார்கள். ஒரு நிமிடத்தில் நடு இடம் முடிந்தது: கீழே முழுப் பாறை. இன்னொரு நிமிடத்தில் ஓடைக்கரை முடிந்தது: நூற்றறுபது அடிக்குக் கீழே வெடிப்பு, ஈரம். நான் எழுந்து துண்டை உதறினேன்.

"ஓடைக்கரைதான். அங்க போடுங்க."

பட்டாளத்தார் குனிந்து திரையைப் பார்த்தார்.

"அம்புட்டுத்தானா?" என்றார் பட்டாளத்தார்.

"அம்புட்டுத்தான்."

"இது செத்த நேரம்கூட யோசிக்கலையே சார். மறுபடி கேளுங்க."

மறுபடி கேட்டேன். அதே பதில். மூன்றாம் முறையும் கேட்கச் சொன்னார். மூன்றாம் முறையும் அதே. அவர் முகம் தெளியவில்லை. "பழைய பெட்டி எம்புட்டு நேரம் ஓடும். கோடு வளையும், நிமிரும், நாம பாத்துக்கிட்டே இருப்போம். இது சட்டுனு சொல்லுது. பட்டாளத்துல இப்படிச் சட்டுனு பதில் சொல்லுதவன நாங்க நம்ப மாட்டோம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தேங்காய் சட்டென்று நிமிர்ந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறீர்கள், பெட்டி சட்டென்று சொன்னால் மட்டும் சந்தேகமா என்று கத்தினேன். கூட்டத்தில் சிரித்தார்கள். பட்டாளத்தார் சிரிக்கவில்லை.

கோபத்தை ஆற்றிக்கொள்ள, சும்மா இருக்காமல் ஒரு காரியம் செய்தேன். போன வருட நோட்டு பையிலேயே இருந்தது. புழுதி பறந்த கிழக்கு வேலியோரத்து எண்களை எடுத்து, என் பக்கமாகத் திரையைத் திருப்பிக்கொண்டு, பென்டியத்துக்குக் கொடுத்தேன். இந்த முறை ஒவ்வொரு சுற்றாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பத்தாவது சுற்றில் நல்ல ஈரம் காட்டியது. போன வருடம் நான் கல் வைத்தது அதை நம்பித்தான். பிறகு ஓடவிட்டேன். இருபதில் ஈரம் மெலிந்தது. நாற்பதில் கோடு போலானது. அறுபதில் காணவில்லை. கீழே முழுப் பாறை என்றது. அதற்குள் சிவப்பு விளக்கு மினுக்கி, பேட்டரி தீர்ந்து, பென்டியம் இருண்டுவிட்டது.

தப்பு சிப்பினுடையது அல்ல. 386 பாவம், போகப் போகச் சரியான விடைக்கு வந்திருக்கும். நான்தான் பாதி வழியில் அதன் வாயைப் பொத்தியிருக்கிறேன். அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்தேன்.

"அதான் செத்துப்போச்சுல்லா" என்றார் பட்டாளத்தார். "நம்ம பழைய பெட்டிகிட்டயே கேளுங்க சார்."

386-ஐத் திறந்து நடு இடத்து எண்களைக் கொடுத்தேன். கோடு வளைந்தது, நிமிர்ந்தது. பத்தாவது சுற்றில், நான் பயந்தபடியே, நடு இடத்தில் ஈரம் காட்டியது.

"பாத்தீகளா?" என்று அவர் மனைவி ஆசையோடு கை தட்டினாள். "அங்கனயே போட்டுருவோம். வீட்டுக்கும் பக்கம்."

என் விரல் பட்டனுக்குப் பக்கத்தில் இருந்தது. எத்தனையோ தடவை தட்டிய பட்டன். தட்டினால் எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னும் முடியல" என்றேன். "முழுசா ஓடட்டும்."

என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. பதினொன்றரை மணிக்கு ஆரம்பித்தது. வேப்பமர நிழல் நகர, கட்டிலையும் இழுத்து இழுத்து நகர்த்தினோம். கம்மங்கூழ் வந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் பாதிப் பேர் போய், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். "ஏலே, எத்தனாவது?" என்று ஒருவர் வரும்போதே கேட்பார், "முப்பத்தொண்ணு" என்று இன்னொருவர் சொல்வார். ஓட்டு எண்ணிக்கை கேட்பது போல ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. ஈரம் இருபதில் மெலிந்தது. நாற்பதில் கோடானது. எழுபதில் மறைந்தது. பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியும் கெட்டியாக நின்றது. நூறைத் தாண்டி ஏழாவது சுற்றில் அது தானாக நின்று, பென்டியம் ஒரு நிமிடத்தில் சொன்னதையே எழுத்துப் பிசகாமல் சொன்னது: நடுவில் முழுப் பாறை.

கூட்டம் 'ஓ' என்றது. ரெண்டு பெட்டியும் ஒண்ணாச் சொல்லுது, அப்போ ஓடைக்கரைதான் என்று பேசிக்கொண்டார்கள். ஒயர்காரர்கள் சுருட்ட ஆரம்பித்தார்கள். பட்டாளத்தார் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது.

"சார்," என்றார் மெதுவாக. "போன வருசமும் இப்படித்தான் நூறு வரைக்கும் ஓடுச்சா?"

பொய் சொல்ல நல்ல இடம் அது. அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

"இல்ல," என்றேன். "பத்துல நிறுத்திட்டேன். பொறுமை இல்ல. பெட்டி மேல தப்பு இல்ல, எம்மேலதான். முழுசா ஓடவிட்டிருந்தா அங்க பாறைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கும்."

ஒயர் சுருட்டுகிற சத்தம் நின்றது. அவர் மனைவி என்னைப் பார்த்தாள். "ஒரு வருசமா கொடம் சுமக்கேன்," என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பட்டாளத்தார் எழுந்து கன்றுகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்து போனார். திரும்பி வரும்போது அவர் கையில், போன வருடம் கிழக்கு வேலியோரம் நான் வைத்த அடையாளக் கல் இருந்தது. என் முன்னால் நீட்டினார். நான் ஓடைக்கரையில் கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் போக வேண்டாம் என்று நினைத்தும் போனேன். போர் வண்டி காலையிலிருந்து ஊரையே அதிர வைத்தது. நூற்றைம்பது அடி வரைக்கும் வெள்ளைப் புழுதி. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நூற்று எழுபதில் புழுதி நின்று சேறு துப்பியது. இருநூறில் தண்ணீர் பீறிட்டு வேலிக்கு மேல் எழும்பி எல்லாரையும் நனைத்தது. ரெண்டு இஞ்சு தண்ணி என்றார் வண்டிக்காரர். பட்டாளத்தாரின் மனைவி குடம் சுமக்கத் தலையில் வைத்திருந்த சும்மாட்டை எடுத்து ஓடைக்குள் வீசினாள். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், கண்ணீரும் வந்தது, நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நண்பனுக்குப் போன் செய்து பென்டியத்தை வைத்துக்கொள்வதாகச் சொன்னேன். பேட்டரி பற்றி அவனிடம் பேசவே இல்லை. ஒரு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு ஒன்றேகால் மணி நேரம் தாராளம் என்று எனக்கே விளங்கியிருந்தது. அவசரக்காரனுக்கு, அவன் குறுக்கே புகுவதற்குள் வேலையை முடித்துவிடுகிற சிப்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் பட்டாளத்தார் ராஜபாளையத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சலவைச் சட்டை, மெருகேற்றிய பூட்ஸ். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"பத்துல நிறுத்தி எடம் குறிச்சுக் குடுத்தீகளே, அவியள்லாம் யாரு யாருன்னு நோட்டுல இருக்கா சார்?"

இருந்தது. மூன்று வருட நோட்டுகள். தண்ணீர் வராதவர்களைத் தனியாக எடுத்து, பென்டியத்தில் மறுபடி ஓடவிட்டால் அன்று நான் தள்ளிவிட்ட இடங்களில் எது தேறும் என்று தெரிந்துவிடும். அது எனக்கும் இரண்டு நாளாகத் தெரிந்துதான் இருந்தது. செய்யத்தான் தைரியம் வரவில்லை.

"சுந்தரபாண்டியத்துல நாலு பேரு இருக்காங்க," என்றேன். "அவங்ககிட்ட போய் என்னன்னு சொல்ல?"

"எங்கிட்ட சொன்னதத்தான்."

லேப்டாப்பையும் நோட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அவர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு?" என்றேன்.

"தனியாப் போனா அடிப்பாங்க சார். வண்டிய எடுங்க."