பதினோரு வாரச் சிவப்பு

பிள்ளைப்பாக்கம் பக்கத்துப் பள்ளியொன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் என் தவறு தொடங்கிய நாள் தெரியும்: ஜூலையின் முதல் திங்கட்கிழமை.

அன்றுதான் வகுப்பில் ஒரு பலகை மாட்டினேன். வாரத் தேர்வில் தேறியவர் பெயருக்கு எதிரே பச்சை அட்டை, தவறியவருக்குச் சிவப்பு. பெற்றோர் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் இருக்கும் முறைதானே, ரோஷம் வந்து படிப்பார்கள் என்று நம்பினேன். சிலர் படிக்கவும் செய்தார்கள்.

செல்வி என்ற மாணவி முன்பெல்லாம் பாதிக் கணக்கில் கை தூக்கி, "அது எப்டி சார் வந்துச்சு?" என்பாள். அம்மாவைப் போலத் தொழிற்சாலை லைனில் நிற்காமல் பாலிடெக்னிக்கில் சேர ஆசைப்பட்டாள். சிவப்பு விழுந்தபின் அவள் கை தூக்கவில்லை. பதினோராவது முறையும் சிவப்பு விழுந்தபோது, "வெக்கமா இல்லையா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா கம்பெனில செவப்பு லைட் எரிஞ்சா லைனே நின்னுடும் சார். சூப்பர்வைசர் ஓடியாந்து இன்னா ஆச்சுன்னு கேப்பாரு. எனக்குப் பதினோரு வாரமா எரியுது. நீங்க வரவே இல்லியே?"

வகுப்பு சிரித்தது. அன்று மாலையே பலகையைக் கழற்றினேன். மறுநாள் அவள் பெஞ்சில் உட்கார்ந்து, "எந்த இடம்மா புரியல?" என்றேன்.

"எந்த இடம்னு இப்ப எனக்கே தெர்ல சார்."

பொதுத்தேர்வில் கணக்கில் தவறினாள். இப்போது காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறாள், வணக்கம் சொல்கிறாள்.

பலகை மாட்டிய நாளும் கழற்றிய நாளும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. அவள் கடைசியாகக் கை தூக்கிய நாளை நான் எழுதவில்லை.