லைன் சரியான பிறகு

நாகர்கோவிலில் ஆபீஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் செல்போனுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். இன்டர்நெட் என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்போதுதான் கடற்கரை ஊர் ஒன்றின் மீனவர் சங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

அந்த ஊர்க்காரர் ஒருவர் கல்ஃபில் படகு வேலைக்குப் போய், எல்லை தாண்டி மீன் பிடித்ததாக ஜெயிலில் கிடந்தார். அங்கே வெள்ளிக்கிழமைகளில், அதுவும் உள்ளூர் நம்பருக்கு மட்டும்தான் பேச விடுவார்களாம். கூட வேலை பார்த்தவர்கள் அந்த நாட்டு இன்டர்நெட் நம்பர் ஒன்றை வாங்கி, அதற்கான அடாப்டரை ஊருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அங்கே அது உள்ளூர் கால், மணி அடிப்பது இங்கே. சோப்பு டப்பா அளவுள்ள அந்தப் பெட்டியைச் சங்கத்தின் பழைய எக்ஸ்சேஞ்சோடு சேர்த்துக் கொடுத்தேன்.

முதல் வெள்ளிக்கிழமையே அவர் பேசினார். சங்கச் செயலாளர் லைனை ஹோல்டில் போட்டுவிட்டு, அவர் மனைவியைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். அவள் ஓடி வந்து ரிசீவரை எடுப்பதற்குள் அங்கே நேரம் முடிந்து கட் பண்ணிவிட்டார்கள். ஹோல்டில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவள் வெள்ளிதோறும் அலுவலகத்திலேயே வந்து உட்கார்ந்தாள். அவர் கூப்பிடவில்லை. அடாப்டரில்தான் கோளாறு என்றார்கள். அது உண்மையும்கூட. அந்த நம்பரில் யார் கூப்பிட்டாலும் சரி, ஹோல்டில் இருக்கும்போது போனை வைத்துவிட்டால் அடாப்டர் வெளிநாட்டு எங்கேஜ் சத்தத்தைக் கொடுக்கும். நம் ஊர்ச் சத்தம் மட்டுமே தெரிந்த எக்ஸ்சேஞ்ச், ஆள் இன்னும் இருப்பதாக நினைத்து லைனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். யாராவது ஒயரைப் பிடுங்கிச் செருகும்வரை வேறு கால் உள்ளே வராது.

"அவிய விளிச்சிருப்பாவ அண்ணா. லைனு பிசியாட்டு இருந்திருக்கும்" என்பாள். ஒவ்வொரு முறை நான் போகும்போதும் இதையே சொல்வாள். சொல்லும்போது முகம் தெளிவாகவே இருக்கும். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. பிழைப்பு நாறிப்போச்சே என்று வாய்க்குள் திட்டிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைத் திருகுவேன்.

கடைசியில் அடாப்டரின் செட்டிங்கில் அந்தச் சத்தத்தை நம் ஊர்ச் சத்தத்துக்கு மாற்ற முடிந்தது. கூப்பிட்டு, ஹோல்டில் போட்டு, கட் பண்ணிப் பார்த்தோம். எக்ஸ்சேஞ்ச் உடனே லைனை விட்டது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். செயலாளர் டீ வாங்கித் தந்தார்.

பிறகு வந்த வெள்ளிகளில் லைன் ஃப்ரீயாகவே இருந்தது. அவர் கூப்பிடவில்லை. அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை என்று கூட்டாளிகள் தகவல் சொன்னார்கள். செயலாளர் அதை அவளிடமும் சொன்னார். "நம்பரு கையில உண்டுல்லா, எங்க கொண்டு போட்டாலும் விளிப்பாவ" என்றாளாம்.

சில வாரம் கழித்து என்னை மறுபடியும் வரச் சொன்னார்கள். "ஒரு கேடும் இல்ல மக்கா. அவதான் உம்ம வரச்சொல்லணும்னு ஒரே நிலையில நிக்கா" என்றார் செயலாளர்.

அவள் போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். முகத்தில் பழைய தெளிவு இல்லை.

"நீங்க சரியாக்குனதுக்குப் பொறவு ஒண்ணும் வரல்ல அண்ணா. ஒருக்கா நல்லா நோக்குங்க. எங்கயாவது கேடு இருக்கும்."

எக்ஸ்சேஞ்சின் மூடியைக் கழற்றி, எல்லா ஒயரையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா தங்கச்சி, ஒரு ஒயரு லூசாட்டுதான் இருக்கு" என்றேன்.