கோலத்துக்கு ஒரு விளக்கவுரை

தாம்பரத்தில் நான் இயற்பியல் நடத்தும் பள்ளியில் பேச, வெளிநாட்டில் வேலை பார்க்கும் விஞ்ஞானி ஒருவர் வந்தார். பளபளக்கும் கறுப்பு ஷூ, கழுத்தில் ஏதோ மாநாட்டின் அட்டை. எதற்கும் விளக்கம் சொல்வது அவர் வழக்கம். இட்லி என்பது ஆவியில் வேகவைத்த அரிசிப் பண்டம் என்று, காலையில் இட்லி தின்றுவிட்டு வந்த பிள்ளைகளுக்கே ஆங்கிலத்தில் விளக்கினார். அங்கே பேசியதை அப்படியே இங்கே இறக்கிவிட்டார் போலும்.

"ரெண்டு கலாச்சாரமும் எனக்குள்ள இருக்கு. என் கரியரோட பலமே அதான்" என்றவர், திரையில் ஒரு கோலத்தைக் காட்டினார். அதற்கும் நீண்ட விளக்கம்.

பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், உங்களுக்காக கேட் கிட்ட நாங்க ஒரு கோலம் போட்டிருந்தோம். பாத்தீங்களா?"

"அப்படியா? எங்கம்மா?"

அவள் அவருடைய ஷூவைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். போனைப் பார்த்தபடியே கோலத்தின் மேல் நடந்து வந்திருக்கிறார். கறுப்புத் தோலில் கோலமாவு வெள்ளையாக அப்பியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் கோலத்தின் அருகே போய் நின்று, என்னைப் படம் எடுக்கச் சொன்னார். "மிதிச்ச பக்கம் விழாம எடுங்க சார். அடுத்த டாக்ல போட்டுக்கலாம்."

அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அந்த முகத்தில் வெட்கம் மட்டும் தென்படவில்லை.