குசும்புக்கு இன்னொரு சொல்

பேருந்து நிலையத்து அறிவிப்பு அறையில் ஒரு மேசை, ஒரு மைக், கடகடவென்று சுற்றும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். அதற்குள் உட்கார்ந்திருந்தவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குசும்பர் என்றால் ஓட்டுநர் முதல் தண்ணீர் பாட்டில் விற்பவர் வரை எல்லாருக்கும் தெரியும்.

"நான்காவது தடத்தில் நிற்கும் வண்டி இப்போது புறப்படும். ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடுகிறவர்கள் தயவுசெய்து உள்ளே ஏறிச் சண்டை போடவும்" என்பார். அவர் முகத்தில் சிரிப்பே இருக்காது. கால் கடுக்க நிற்பவர்கள்தான் சிரிப்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். "நக்கலுக்கு மட்டும் ஒண்ணும் குறைச்சலில்ல" என்று மனைவி நொடித்துக்கொள்வாள்.

ஓர் அடைமழை நாளில் மலையிலிருந்து வரவேண்டிய வண்டி வரவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. குசும்பர் போன் போட்டுக் கேட்டார், யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மைக்கை எடுத்தார்.

"மலை வண்டி தாமதம். இந்தக் குளிரில் இறங்க மனசில்லாமல் அங்கேயே படுத்துவிட்டது போலிருக்கிறது."

எல்லாரும் சிரித்தார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணும் சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. வண்டி பள்ளத்தில் உருண்டு கிடந்தது. அதில் வந்துகொண்டிருந்த அவள் கணவன் உயிரோடு இல்லை.

அவள் அறை வாசலுக்கு வந்தாள். திட்டுவாள் என்று குசும்பர் எழுந்து நின்றார்.

"நானும் சிரிச்சேனே, அண்ணே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

யாரோ மேலிடத்தில் புகார் கொடுத்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"குசும்புன்னெல்லாம் அறிக்கையில எழுத முடியாது. வேற நல்ல வார்த்தை சொல்லுங்க."

"குறும்புன்னு போடலாமா, சார்?" என்றார் தட்டச்சர்.

"அது சின்னப் பிள்ளைங்க பண்றது."

"கிண்டல்? நையாண்டி?"

அதிகாரிக்கு எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் 'துயர வேளையில் பயணிகளை ஏளனம் செய்தார்' என்று அவரே எழுதினார்.

"ஐயா, ஏளனம்னா ஒருத்தரைக் கீழ தள்ளிட்டுச் சிரிக்கிறது. நான் பக்கத்துல நிக்கிறவங்களோட சேர்ந்து..." என்று தொடங்கினார் குசும்பர். வாசலில் நின்ற அந்த முகம் நினைவுக்கு வந்தது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பணிமனையில் பழைய டயர்களுக்குக் காவலாக மாற்றினார்கள். அறிவிப்புக்குப் பதிவுசெய்த குரல் ஒன்று வந்தது. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டே வந்தது. பணிமனையில் யாராவது "குசும்பர்" என்று கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை.

ஒருநாள் மனைவி வேண்டுமென்றே உப்புப் போடாமல் சமைத்து வைத்தாள். முன்பென்றால் இந்நேரம் வீடே அமர்க்களப்பட்டிருக்கும். அவர் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஏதாவது சொல்லுங்கப்பா" என்றாள் மகள்.

"நல்லாத்தாம்மா இருக்கு."

அதில் நக்கல் இருக்கிறதா என்று தாயும் மகளும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். இல்லை. சாப்பாட்டில் உப்பில்லாததே அவர் நாக்குக்குத் தெரியவில்லை.